செவலையின் நோய்

மாட்டாஸ்பத்திரிக்கு மாடில்லாமல் போக முடியாது. போனால் எதற்காகப் போனான் என்று ஊர் கேட்கும். ஆகையால் அந்த ஊர் ஆண்கள் தங்கள் உடம்புக்கு மருந்து தேடிப் போகும்போது கையில் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாடில்லாதவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆடும் இல்லாத ஒருவர் கோழியோடு போனதாகவும், கோழிக்கு அந்த நோய் வராது என்று கம்பவுண்டர் திருப்பி அனுப்பியதாகவும் டீக்கடையில் ஒரு கதை உண்டு. அதை நான் நம்பவில்லை.

எல்லா நோய்க்கும் அப்படியில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் சாலையோரத்தில் சுகாதார நிலையம் இருந்தது. வெளியே சொல்லக் கூசும் நோய்க்குத்தான் இந்த ஏற்பாடு. வெட்டை என்ற அதன் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை, சூடு என்பார்கள். வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு அந்தச் சூடு கூடுதலாகப் பிடித்தது. சுகாதார நிலையத்தின் நீளப் பெஞ்சைப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தவனைப் பேருந்துக்கு நிற்பவர்கள் எல்லாரும் நலம் விசாரிப்பார்கள். உள்ளேயிருந்த நர்ஸம்மா எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். மருந்துக்கடைக்காரருக்குக் காது மந்தம். கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகே அலமாரியைத் திறப்பார். நகரத்து விடுதியில் மாதமொரு முறை வந்து தங்கும் வைத்தியர் ஒருவர் உண்டு. அவரிடம் போனவர்கள் போனதாக ஒப்புக்கொண்டதுமில்லை, குணமானதாகச் சொன்னதுமில்லை. பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்த ஊரில் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

மிச்சம் இருந்தது மாட்டாஸ்பத்திரி. ஊர்க்கோடியில் ஓடு வேய்ந்த கட்டடம். முன்னால் மாட்டை அசையாமல் நிறுத்துகிற மரச்சட்டம். ஆண்டாண்டாக மாடுகள் உரசி உரசி அதன் கம்பங்கள் பளபளத்துக் கிடந்தன. உள்ளே ஸ்டவ்வின் மேல் கண்ணாடி ஊசிகள் தட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். பினாயில் வாடை எங்கே அடித்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்த ஸ்டவ்வின் இரைச்சல் காதில் கேட்கிறது. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டரின் ஆட்சி. தன்னிடம் வரும் மனிதனுடைய நோயை மாட்டின் நோயாகவே கேட்டு, மாட்டின் நோயாகவே பதில் வாங்கி, திரைக்குப் பின்னால் மனிதனுக்கு ஊசி போட்டு அனுப்புவது அவர் வழக்கம். செய்யக் கூடாததைச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். மாட்டைப் பற்றியே பேசியதால் அது தெரியாதது போலவும் இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பால்காரம்மாவின் தொழுவத்துக்கும் ஒரே சுவர். வேலை மாற்றலில் அந்த ஊருக்குப் போன எனக்கும் என் மனைவிக்கும் பொழுது விடிந்ததை முதலில் சொன்னது அந்தச் சுவர்தான். வெறும் பாத்திரத்தில் பால் விழும்போது கணீரென்று கேட்கும். நிறைய நிறைய அந்த ஒலி தடித்து, நுரைக்குள் அமுங்கிவிடும். ஒலியை வைத்தே அன்றைக்கு எவ்வளவு பால் என்று படுத்தபடி சொல்லிவிடலாம். இருந்தது ஒரே பசு. செவலை என்று பெயர். நிறம் எதுவோ அதுவே பெயர். பால்காரம்மாவின் அப்பா கன்றாகக் கொடுத்து அனுப்பியது.

கறப்பது பால்காரம்மா. அளந்து ஊற்றுவது அவருடைய நாத்தனார். கணவரை இழந்து தம்பி வீட்டோடு இருந்த அந்த அம்மாவைத் தெரு முழுவதும் நாத்தனார் என்றே அழைத்தது. யாருக்கு நாத்தனார் என்று யாரும் கேட்டதில்லை; பேச்சைக் கேட்டால் எல்லாருக்குமே நாத்தனார்தான் என்று தோன்றும். அளவுக்கு மேல் கொசுறு கேட்டால், "கொசுறு வேணும்னா கன்னுக்குட்டியா வந்து பொறந்திருக்கணும்" என்பார்.

பால்காரம்மாவின் வீட்டுக்காரர் மெஷின்காரர். அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போய்விட்டு, மழை தொடங்கியதும் திரும்பி வருவார். வந்ததும் தொழுவத்தில் அவருக்கு ஒரு வேலை உண்டு. கன்றை ஊட்ட விட்டு, மடி சுரந்ததும் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். "கன்னைப் புடிங்க" என்று பால்காரம்மாவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டால், வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று என் மனைவி சொல்வாள். அவர் இல்லாத மாதங்களில் கன்றைக் கம்பத்தில் கட்டிவிட்டுக் கறப்பார்கள். அப்போது அந்தக் குரல் இராது.

அந்த ஆண்டு மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மெஷின்காரரும் முன்னதாகவே வந்தார். வந்த சில நாட்களில் செவலையைப் பிடித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

"மாட்டுக்கு என்ன?" என்றார் கம்பவுண்டர்.

"நீர் விடறப்ப எரியுதுங்க."

"எரியுதுன்னு மாடு சொல்லிச்சா?"

"முகத்தப் பாத்தாத் தெரியுதுங்க."

"எப்பலேர்ந்து?"

"வெளியூர் போய்ட்டு வந்ததுலேர்ந்து."

"மாடு வெளியூர் போச்சா?"

"கூடவே வந்துச்சுங்க."

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. சிரித்தால் பேச்சு மாட்டைவிட்டு விலகிவிடும். ஊசியை எடுத்து ஆறவைத்தபடி கேட்டார்: "கூடக் கட்டியிருக்கிற மாடு ஏதாவது உண்டா? உண்டுன்னா அதுக்கும் சேத்துப் பாக்கணும். இல்லேன்னா இது அதுக்குக் குடுக்கும், அது இதுக்குத் திருப்பிக் குடுக்கும். இந்தக் குடுக்கல் வாங்கல் முடியவே முடியாது."

கேட்டது என்னவென்று மெஷின்காரருக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆம் என்றால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டும். அவர் சுவரைப் பார்த்தார்.

"இல்லீங்க. ஒத்தை மாடுதான்."

அவருக்கு மனைவி உண்டென்பது கம்பவுண்டருக்கும் தெரியும். ஆனாலும் அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஊசியில் எரிச்சல் அடங்கியது, பிறகு திரும்பியது. மறுபடியும் செவலை மழையில் நனைந்துகொண்டு போயிற்று. மறுபடியும் அடங்கியது, மறுபடியும் திரும்பியது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் தெருவுக்கு வேறு வேலை இல்லை.

தொழுவத்தில் பால்காரம்மா கறக்க உட்காரும் பலகையை இடம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். குந்தினால் அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. மழைக்காலத்திலும் சூடு பிடிக்குமா என்று என் மனைவியிடம் ஒரு நாள் கேட்டார். அவள் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். குடித்தும் வலி அடங்கவில்லை.

டீக்கடைக்காரர்தான் முதலில் நிறுத்தினார். பாதிப் பால் அவருக்குத்தான் போகும். நாத்தனார் தூக்குப் பாத்திரத்தோடு போனபோது அவர் அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு வேணாம்மா. நேத்துப் பாலே மிஞ்சிப் போச்சு."

"மழையில டீ குடிக்காத ஊரு எது? குளிருக்கு ரெண்டு சேத்துல்ல குடிப்பானுங்க."

"அதில்லம்மா. மாட்டுக்கு உடம்புக்கு முடியலேன்னு..."

"எந்த மாட்டுக்கு?"

"உங்க செவலைக்குத்தான். சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்குப் போகுதே. பால்ல ஒரு மருந்து வாடை அடிக்குது."

"நேத்து வரைக்கும் அடிக்கலியா?"

"நேத்துதான எனக்கு விஷயமே தெரிஞ்சுது."

"வாடை பாக்க மூக்கு வேணும்பா. உனக்குக் காதுதான் இருக்கு."

அவர் பால் வாங்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பாலில் மருந்து வாடை அடித்தது. நர்ஸம்மா கூட, தங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாகரிகமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நாங்கள் நிறுத்தவில்லை. ஒரே சுவரை வைத்துக்கொண்டு நிறுத்துவது எளிதல்ல. விற்காத பாலை உறையூற்றி உறையூற்றி அந்த வீட்டில் தயிர் மலிந்தது. காலையில் தயிர்ச்சோறு, இரவில் தயிர்ச்சோறு. "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடையும்பாங்க. இங்க தாழி நிறைஞ்சு வழியுது, வாங்கத்தான் நாதியில்ல" என்றார் நாத்தனார். பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குச் சுவர் வழியே எல்லாம் கேட்டது.

"டேய் தம்பி, மாட்டுக்கு என்னடா நோவு?"

"செரிமானம் சரியில்லக்கா."

"தினம் சாணி அள்றவ நான். செரிமானம் எனக்குத் தெரியாதா?"

"உள்ளுக்குள்ள என்னமோ இருக்காம்."

"உள்ளுக்குள்ள என்னமோ இருக்கறது மாட்டுக்கா, உனக்கா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

மெஷின்காரர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். மாட்டை விற்றுவிட்டால் பேச்சும் தொலையும். ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் காரணமும் தொலையும். மாட்டுத் தரகரை வரச் சொன்னார். தரகர் வந்து செவலையின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். குறை ஒன்றும் தென்படாததில் அவருக்குச் சந்தேகம் வலுத்தது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நோய் மாடுன்னு ஊரே சொல்லுது. கறவைக்குன்னு யாரும் கட்ட மாட்டாங்க. அடிமாடாத்தான் போகும். சம்மதம்னா நாளன்னிக்கு வந்து ஓட்டிட்டுப் போறேன்."

பால்காரம்மா தொழுவத்து வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தரகர் போன பிறகு செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். மறுநாள் காலையில் கறவை முடிந்ததும், மெஷின்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், அவரே மாட்டை அவிழ்த்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே என் மனைவியிடம் சொன்னார்.

"மாட்டுக்கு என்னம்மா?" என்று வழக்கம்போல் தொடங்கினார் கம்பவுண்டர்.

"அதைக் கேக்கத்தாங்க வந்தேன். அவரு ஓட்டிட்டு வர்றாரு, நீங்க ஊசி போடறீங்க, மாடு திரும்பி வருது. என்ன நோவுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. நாளைக்கு அடிமாட்டுக்குப் போகப் போகுது. என்ன நோவுன்னு தெரிஞ்சா மருந்து குடுத்துப் பாப்பேன்."

கம்பவுண்டர் எழுந்து வந்து செவலையின் இமையை விலக்கிப் பார்த்தார். விலாவில் காதை வைத்துக் கேட்டார். பார்க்க வேண்டிய அவசியமில்லாத மாட்டை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லம்மா. நல்ல மாடு."

"அப்ப போட்ட ஊசியெல்லாம்?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார்.

"ஊசி பட்ட இடம் மாட்டு மேல எங்கயும் இல்லீங்க. தெனம் தேச்சுக் குளிப்பாட்டறேன். உண்ணி கடிச்ச இடம்கூட எனக்குத் தெரியும்."

ஸ்டவ் இரைந்தது. பால்காரம்மா மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சரிங்க. நானும் ஒரு மாட்டப் பத்திச் சொல்றேன். அடிவயித்துல வலி. நீர் விடறப்ப எரியுது. பலகைல குந்திக் கறக்க முடியல."

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கேட்டேம்மா. கூடக் கட்டியிருக்கிற மாடு உண்டான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒத்தை மாடுன்னாரு."

"ஒத்தை மாடுன்னாரா."

அது கேள்வியாக வரவில்லை. செவலை மரச்சட்டத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"இதை நான் பாக்கக் கூடாதும்மா," என்றார் கம்பவுண்டர். "அவருக்கும் பாத்திருக்கக் கூடாது. வர்றவங்க வெக்கப்பட்டு மாட்டக் காட்டுவாங்க, நானும் மாட்டையே பாத்துப் பேசிப் பழகிட்டேன். பஸ்ஸு நிக்கற எடத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு பேரும் சேந்து போங்க. ஒருத்தர் மட்டும் போனா வீண்."

"அந்தப் பெஞ்சுலயா?"

"அந்தப் பெஞ்சுலதான்."

அன்று மாலை கறவை நேரத்தில் மெஷின்காரர் தொழுவத்துக்கு வந்தார். பாத்திரத்தில் பால் விழத் தொடங்கியிருந்தது.

"கன்னை நான் புடிக்கறேன்."

"கட்டியாச்சு."

"நாளைக்குத் தரகர் வர்றாரு," என்றார் அவர்.

"வரட்டும். எதைப் பாக்க வர்றாரு? ஒத்தை மாட்டையா, ரெண்டாவதையுமா?"

பாலின் ஒலி நிற்கவில்லை. அவர் குரல்தான் நின்றது. பிறகு, "கம்பவுண்டர் சொல்லிட்டாரா?" என்றார்.

"என் உடம்புல இருக்கறத நான் சொன்னேன். மீதிய அவரு சொன்னாரு."

"சீசன்ல அங்க எல்லாரும் போனாங்க. நானும்..."

"எங்க போனீங்கன்னு நான் கேக்கல. அந்தக் கதை எனக்கு வேணாம். திரும்பி வந்தப்புறம், கூடக் கட்டின மாடு உண்டான்னு ஒரு மனுஷன் கேட்டாரே, இல்லேன்னீங்களே. அதைத்தான் கேக்கறேன்."

"வெக்கமா இருந்துச்சு."

"உங்க வெக்கத்துக்கு நான் வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். மழைல சூடு புடிச்சிருக்குன்னு பார்லி குடிச்சேன். போகட்டும். இந்த வாயில்லாத ஜீவன் என்ன பண்ணுச்சு? பழிய அது மேல ஏத்தி மழைல நடத்திக் கூட்டிட்டுப் போனீங்க. இப்ப அது அறுபடப் போகணுமா?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

"ஏத்தினவங்கதான் எறக்கணும். நாளைக்குக் காலைல நீங்க வர்றீங்க, நானும் வர்றேன். செவலை வராது."

"நர்ஸம்மா நம்மகிட்டப் பால் வாங்கறவங்க."

"வாங்கினவங்க. நிறுத்திட்டாங்க."

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. "டேய் தம்பி, காலைல வெளுத்த சட்டையாப் போட்டுட்டுப் போ. நாலு பேரு பாப்பாங்க."

மறுநாள் மழை விட்டிருந்தது. ஈரத் தெருவில் அவர்கள் இருவரும் நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன், தெருவே பார்த்தது. மெஷின்காரருக்குக் கயிறில்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பைக்குள் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார். பால்காரம்மா அவருக்கு முன்னால் நடந்தார். அலுவலகத்துக்குப் பேருந்து பிடிக்க நானும் சற்றுப் பின்னால் போனேன்.

பெஞ்சின் ஒரு கோடியில் பால்காரம்மா உட்கார்ந்தார். மறு கோடியில் மெஷின்காரர் உட்கார்ந்தார். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். எதிரே பேருந்துக்கு நின்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் கெட்டிலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். அப்போது வந்து நின்ற பேருந்திலிருந்து, தோளில் புதுக் கயிற்றோடு மாட்டுத் தரகர் இறங்கினார். பெஞ்சைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தார்.

"என்னப்பா, மாட்ட ஓட்டிட்டுப் போக வந்தா நீ இங்க உக்காந்திருக்கே. மாட்டக் காணோமே, ரொம்ப முடியாமப் போச்சா?"

மெஷின்காரர் தலை குனிந்திருந்தார். பேருந்தில் ஏற வேண்டியவர்கள் ஏறவில்லை. நடத்துநர்கூட விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். பால்காரம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் பக்கம் திரும்பவில்லை.

"மாடு விக்கறதுக்கில்லீங்க," என்றார் மெஷின்காரர்.

"நோய் மாட்ட வச்சிக்கிட்டு என்ன பண்ணுவே?"

அவர் தலை நிமிர்ந்தது. தரகருக்கு மட்டும் சொல்ல அவ்வளவு உரத்த குரல் தேவையில்லை. டீக்கடை வரைக்கும் கேட்டது.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு நாளும் இருந்ததில்ல. உடம்பு சரியில்லாதது எங்களுக்குத்தான். ரெண்டு பேருக்கும்."

தரகர் புதுக் கயிற்றை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து நர்ஸம்மா கூப்பிட்டார். பால்காரம்மா எழுந்தார், அவர் எழும்வரை காத்திருந்துவிட்டுப் பின்னால் மெஷின்காரர் எழுந்து போனார். நடத்துநர் விசிலை ஊதினார்.

ஊர் சிரித்தது, சிரித்துவிட்டுப் பால் வாங்கியது. மறுநாள் டீக்கடைக்காரரே பாத்திரத்தோடு வந்து நின்றார். நாத்தனார் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து, "குடிச்சுப் பாத்து வாடை இருக்கான்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போ" என்றார். அவர் எல்லார் முன்னாலும் குடித்து, இல்லை என்று சொன்ன பிறகே பால் அளந்து ஊற்றப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் ஓரிரு ஆண்கள், வந்த பேருந்திலெல்லாம் ஏறாமல், பேருந்துக்குக் காத்திருப்பது போல் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். கம்பவுண்டரிடம் மாடுகளின் வரத்துச் சற்றுக் குறைந்ததாகச் சொன்னார்கள். மாடுகள் மழையில் நனையாததால் அவற்றுக்கு நோய் குறைந்திருக்கலாம்.

மாத்திரைகளை இருவரும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டுமென்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். விழுங்கினார்கள். நோய் போயிற்று. பேச்சு வரவில்லை. பால்காரம்மா கணவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் செவலையிடம் சொன்னார். "சோறு போட்டு மூடி வச்சிருக்குன்னு சொல்லு, செவலை." "கூரை ஒழுகுது, கண்ணு இருக்கறவங்களப் பாக்கச் சொல்லு." மெஷின்காரரும் பதிலை மாட்டிடமே சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு நாள் நாத்தனார் பொறுக்கமாட்டாமல், "அந்த மாட்டுக்கு இப்பத்தான் நெஜமாவே தலைவலி வரப் போகுது" என்றார். கன்று கம்பத்திலேயே கட்டிக் கிடந்தது.

மழைக்காலம் கழிந்து, அறுவடைக்கு மெஷின் புறப்படும் நாளும் வந்தது. வழக்கமாக மெஷின்காரர் முந்தின நாள் இரவே மூட்டை கட்டிவிடுவார். அந்தத் தடவை மூட்டை கட்டும் ஓசை எதுவும் கேட்கவில்லை. அந்தச் சீசனுக்குத் தான் போகவில்லை என்றும், உள்ளூரில் டிராக்டர் ஓட்டப் போவதாகவும் அவர் செவலையிடம் சொன்னதை நாங்கள் கேட்டோம். பால்காரம்மா செவலையிடம் பதில் எதுவும் சொல்லவில்லை.

விடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பலகையை இழுத்துப் போடும் ஓசை; ஒரே தடவைதான், இடம் மாற்றவில்லை. தண்ணீர் தெளித்து மடி கழுவும் ஓசை. கன்று அவிழ்ந்து துள்ளி ஓடி வந்து முட்டுகிற ஓசை. கட்டிப்போடாத கன்று, சுரந்த மடியைவிட்டுத் தானாக விலகாது. பாத்திரத்தில் பால் விழுவதற்காக நானும் என் மனைவியும் காத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

"கன்னைப் புடிங்க" என்றது குரல்.